தலைகீழ்க் கிளிகள்

எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு என்பார் என் கணவர். ஒன்று தைப்பது, மற்றொன்று வாசிப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது மூன்றாவது என்பதை அவர் போன தீபாவளிக்குத்தான் கண்டுபிடித்தார்.

இரண்டையும் வளர்த்துவிட்டவர் சுங்கை பட்டாணியில் நான் துணி வாங்கும் கடைக்கார அக்கா. கேட்ட அளவை அளந்து முடித்த பிறகு, இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் அவருடைய கத்தரி விழும். நூல்கண்டு அலமாரிக்குப் பின்னால் நாவல்களை அடுக்கி வைத்திருப்பார். துணி வாங்கினால் ஒன்றை எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கொண்டுவந்து வைக்கலாம்.

"போனத் தட்டினா துணி பாக்கார் ஆராங்ல நம்ம வீட்டு வாசலுக்கே வருது. நீ ஏன் காடி ஓட்டிக்கிட்டு ரோட்டு ஜாமுல போய் நிக்கற?" என்பார் கணவர். போன் ஒரு முழம் கூடக் கொடுக்குமா, நாவல் கொடுக்குமா என்று கேட்டால் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்.

தீபாவளிக்கு வீட்டில் எல்லோரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். போன வருடம் மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை பண்டார் பாருவில் சித்தி வீட்டில் வளர்ந்தவர். மகள் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சித்தி பிள்ளைங்க எல்லாம் ஒரே துணியில நிப்பாங்களாம்மா. இவருக்கு மட்டும் வேற சட்டையாம். படம் எடுக்கறப்ப ஓரமா போயிடுவாராம். நம்ம வீட்டுத் துணியில அவருக்கும் நல்லா தைச்சுக் கொடுங்கம்மா."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மஞ்சளில் பச்சைக் கிளிகள் போட்ட துணியை வாங்கி வந்தேன். எல்லோருக்கும் தைத்துவிட்டு, மாப்பிள்ளையின் ஜிப்பாவைக் கடைசியாக நிதானமாகத் தைக்கலாம் என்று வைத்திருந்தேன். நிதானத்தைக் கெடுத்தது அக்கா கொடுத்த நாவல். கதாநாயகி வீட்டைவிட்டுக் கிளம்பும் இடம். ஒரு கண் அவள் பெட்டியில், ஒரு கண் என் கத்தரியில். தைத்து முடித்ததும் கணவர் ஜிப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு மட்டும் கிளியெல்லாம் சிரசாசனம் பண்ணுதே?"

கடைக்கு ஓடினேன். அந்தத் துணி தீர்ந்துவிட்டிருந்தது. அக்கா ஜிப்பாவைப் பார்த்து மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மாப்பிள்ளையின் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. உள்ளே போய், தம் கணவருக்கு ஜிப்பா தைக்க எடுத்து வைத்திருந்த அதே துணியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"ஐயோ, அண்ணனுக்கு?"

"இந்தத் தலைகீழ் ஜிப்பாவ அவருக்குக் கொடு. கிளி தலைகீழாவும் தொங்கும்தானே? அந்த நாவலக் கொடுத்தது நான், அப்ப தப்பு எம்மேல லா."

தப்பையும் ஒரு முழம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும் மனுஷி. அவர் கொடுத்த துணியில் மாப்பிள்ளைக்குப் புதிதாகத் தைத்தேன். அண்ணன் குட்டையானவர் என்பதால் பழைய ஜிப்பாவின் கீழ்ப்பக்கத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

தீபாவளியன்று நாங்கள் படத்துக்கு வரிசையாக நிற்கும் நேரம் பார்த்து அக்காவும் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள். அண்ணனின் தொந்தியில் கிளிகள் தலைகீழாகத் தொங்கின. நான் அவசரமாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். மாப்பிள்ளை அண்ணனின் ஜிப்பாவைப் பார்த்தார், தம் ஜிப்பாவைப் பார்த்தார்.

"அங்கிளும் நம்ம துணியா? வாங்க லா, நடுவுல நில்லுங்க."

அண்ணன் கூச்சமே இல்லாமல் நடுவில் வந்து நின்றார். நீலச் சேலையில் இருந்த அக்கா மட்டும் ஓரமாக ஒதுங்கினார். "நீங்க எடுங்க தம்பி. நான் வேற துணியில இருக்கேன்."

மாப்பிள்ளை வரிசையைவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தார். "வேற துணியா இருந்தா என்ன ஆன்ட்டி? எம்பக்கத்துல நில்லுங்க."

அந்தப் படம் இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் கணவர் கிளிகளை விட்டுவிட்டு என் மூக்கைத்தான் காட்டுகிறார்.