எம்டன் துரைக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம்

நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்த ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில் சாஆ என்ற ஊருக்குப் போகிற பாதையில் இருந்தது. கணக்கு வழக்கைவிட, வாழ்த்துப் பத்திரம் எழுதுவதில் அந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. துரை வந்தால் ஒன்று, துரை போனால் ஒன்று, துரைக்குக் கல்யாணமானால் ஒன்று. கருணைக் கடலே, நீதி தேவனே என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குக் குறையாமல் இழுப்பேன். அந்தக் கையை உடைத்துப் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடிந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும், சண்டை ஓய்ந்த நாளன்று, பதினோரு மணிக்கு ஸ்டோர் மணி அடிக்கும். ரப்பர் பால் கொண்டு வந்த ஜனங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். துரை தொப்பியைக் கழற்றி, சண்டையில் செத்த நான்கு வெள்ளைக்காரர்களின் பெயர்களைப் படிப்பார். முதல் பெயர் அவருடைய தம்பி. மற்ற மூவரும் எங்கள் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன சின்னத் துரைகள். பிறகு இரண்டு நிமிஷம் மௌனம்.

நம் ஜனங்கள் அதற்குத் துரை வீட்டுத் திதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். செத்தவர் பெயரைச் சொல்லி நிற்பது வேறென்னவாம்? ஒரு வருஷம் யாரோ ஒரு அம்மா பங்களா வாசலில் வாழை இலையில் சோறு வைத்து, காக்காயைக் கூப்பிட்டிருக்கிறாள். சமையல்காரர் விரட்டிவிட்டார். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று யோசித்தால், துரையின் துக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

மற்றவர்களுக்கு அந்தச் சண்டை வேறு வேறாக இருந்தது. துரையின் கார் ஓட்டிய மலாய்க்காரருக்கு அது துருக்கி சுல்தான் தோற்றுப்போன சண்டை. அந்த இரண்டு நிமிஷமும் அவர் காருக்கு அடியில் படுத்து ஏதோ பழுது பார்ப்பார். எனக்கோ அது எம்டன்.

சண்டை ஆரம்பித்த வருஷம் நான் இன்னும் சென்னையில்தான் இருந்தேன். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் கரைப்பக்கம் வந்து குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயிர்ச்சேதமும் உண்டு. ஊர் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஆனால் நாங்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தது எங்கள் ஆபீஸ் வெள்ளைக்கார அதிகாரி மேஜைக்கு அடியில் புகுந்த கதையைத்தான். நம்மை நடுங்க வைத்தவனையே நடுங்க வைத்த கப்பல் ஆயிற்றே. கெட்டிக்காரன், எமகாதகன், யாருக்கும் மசியாதவன் எல்லாரும் நம் வாயில் எம்டன் ஆனார்கள். குண்டு விழுந்தது நம் ஊரில், புகழ் போனது குண்டு போட்டவனுக்கு. இந்த அழகு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் துரையும் ஒரு எம்டன்தான். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவார். "எம்டன் தொரை வராரு" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், மரங்களுக்கிடையில் பேச்சு அடங்கிவிடும். அதில் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

அந்த வருஷம் துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போக இருந்தார். மௌனம் முடிந்ததும் வாழ்த்துப் பத்திரம் வாசிக்க அனுமதி கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மரத்தில் பால் வெட்டுகிற ஒருவர் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவருடைய தம்பி ஊரிலிருந்து பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் கூலியாட்களோடு சேர்ந்து, பஸ்ராவில் மூட்டை சுமந்து, அங்கேயே காய்ச்சலில் போய்விட்டவன். அந்தச் செய்தி வந்த காகிதத்தை அவருக்குப் படித்துச் சொன்னவனே நான்தான்.

"கிராணி ஐயா, தொரை நாலு பேரு படிக்கிறாங்கல்ல. அஞ்சாவதா நம்ம பையன் பேரையும் படிக்கச் சொல்லிக் கேப்பீங்களா?"

"அவங்க சண்டை போட்டுச் செத்தவங்கப்பா. ஒன் தம்பி மூட்டை தூக்குனவன்."

"மூட்டையில இருந்தது அவங்க குண்டுதானுங்களே."

காகிதத்தை இழுத்துக்கொண்டேன். பத்திரத்தின் கடைசியில் விண்ணப்பமாகச் சேர்க்கிறேன் என்றேன். தம்பியின் பெயரை இரண்டு முறை சொன்னார். நான் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எந்த நாளில் செத்தான் என்று தெரியாததால் அவனுக்கு ஒரு திதிகூடக் கொடுத்ததில்லையாம். துரை வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் பையன் கரையேறிவிடுவான் என்றார்.

துரை வீட்டுத் திதியன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றார். நான்கு பெயர்கள் ஆயின, மௌனமும் ஆயிற்று. நான் கணீரென்று வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடித்ததும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு. துரைக்குத் தெரிந்த தமிழ் வேலை வாங்குகிற அளவுக்குத்தான். கருணைக் கடலும் நீதி தேவனும் அவர் காதில் ஏறவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எதிரிகள் நடுங்கும் எம்டனே" என்ற வரி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரி. ஜனங்கள் கைதட்டினார்கள். துரையின் தலை நிமிர்ந்தது. மொத்தப் பத்திரத்திலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாத சொல் அது ஒன்றுதான்.

என்ன சொன்னாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் பாஷையில் அது மரியாதையான சொல் என்றேன். என் தம்பியின் பெயரைப் படித்த இடத்தில் எனக்கு ஜெர்மன் கப்பலின் பெயரா என்றார். அவர் தம்பி கடலில் மூழ்கிச் செத்தவன். அது எனக்குத் தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நான் பத்திரத்தை மடித்தேன்.

இதை எழுதியது யார் என்று கேட்டார். இவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்றேன். எவன் சொன்னான் என்றார். என் விரல் நீண்டது. எதிரே நின்றவர் அந்த வெளுத்த வேட்டிக்காரர், வேறு காரணம் கிடையாது. இங்கிலீஷ் தெரியாத மனிதர், தன் தம்பியின் முறை வந்துவிட்டதென்று ஓர் அடி முன்னால் வந்து துரையைக் கும்பிட்டார்.

மறுநாள் காலைக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அவருக்கு உத்தரவாயிற்று. விண்ணப்பத்தை நான் வாசிக்கவே இல்லை.

பிறகு அடிபட்டு அழிந்த எம்டன் கப்பலில் செத்தவர்களுக்கும் அவர்கள் நாட்டில் யாராவது பெயர் சொல்லி அழுதிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு துக்கம், ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டார்கள். பஸ்ராவில் செத்தவனுக்கு எதிலும் இடமில்லை. அதற்காக அந்த இரண்டு நாட்டாரையும் நான் கொஞ்ச நாள் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டு திரிந்தேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

காலையில் தட்டுமுட்டுச் சாமான்களோடு யோங் பெங் ஊர்ப்பக்கம் வேலை தேடிப் புறப்பட்டவர், வழியில் என் ஆபீஸுக்கு வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"எந் தம்பி பேர இங்கிலீசுல சொன்னதுக்கா ஐயா தொரைக்கு அவ்வளவு கோவம்?"

உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

"ஆமாப்பா" என்றேன்.

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"தொரை தம்பியோட சேத்து நம்ம பையன் பேரச் சொல்லக் கேட்டது எந் தப்புதானுங்க. இனிமே எங்கயும் சொல்லமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் அவர்.