யாரும் கழற்றாத தொப்பி

எங்கள் பெரியப்பா எலோய் ஆர்ச்சுலெட்டா மூன்று தடவை ஷெரீஃபாக ஜெயித்தவர். நாலாவது தடவை தோற்றார். நியூ மெக்ஸிகோவில் எங்கள் பக்கம் போலீஸுக்குத் தலைவரான ஷெரீஃபும் ஓட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், பண்ணைக்காரர் டுவைட் சொரெலின் மகன் குடித்துவிட்டு வண்டியை ஒரு பெண்மேல் ஏற்றினான். அவளுக்கு ஒரு கால் போயிற்று. தேர்தல் விருந்துக்கு மாட்டிறைச்சி கொடுப்பவரே சொரெல்தான். ஓட்டு முடியட்டும், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா ரமோனா உட்பட எல்லாரும் சொன்னார்கள். பெரியப்பா அன்று மாலையே பையனை உள்ளே தள்ளினார்.

அதற்குப் பிறகு ஊர் அவரிடம் சண்டை போடவில்லை. சிரித்தது. தீவனக் கடைக்குப் போனால் யாராவது, "ஷெரீஃப், வண்டிய நேராத்தான் நிறுத்தியிருக்கேன், புடிச்சிடாதீங்க" என்பார்கள். அவர் கோழித் தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

இந்த நிலையில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். எல்லைப்புற ஷெரீஃப் ஒருவரைப் பற்றிய பழைய கௌபாய் படம், எங்கள் ஊரில் எடுத்தது. அதைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள். பழைய படத்தில் ஸ்பானிஷ் பேசும் எங்கள் ஆட்கள் எல்லாருமே கொள்ளைக்காரர்கள். பெரியப்பாவின் அப்பா லாயக் கூரையிலிருந்து சுடப்பட்டு விழுவார், அவ்வளவுதான் அவர் வேஷம். இந்தத் தடவை அப்படி இருக்காது என்றார்கள். நடிகர் தேடி வந்த பெண், பெரியப்பாவின் கதையைக் கேட்டு அவருக்கே ஒரு வேஷம் கொடுத்தாள். ஓய்வு பெறும் ஷெரீஃப் தெரு வழியாக நடந்து வருவார். ஊரார் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வார்கள். அவர் சட்டையில் குத்தியிருக்கும் தன் பதவி நட்சத்திரத்தைப் புது ஷெரீஃபிடம் கொடுத்து ஒரு வசனம் சொல்வார்.

"இதைக் குத்திக்கிட்டா தனியாத்தான் நிக்கணும். நின்னு பழகிக்கோ."

கோழிக்குத் தீனி போடும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்ப்பார். தோற்ற பிறகு அவர் எதையும் ஆசையாகச் செய்து நான் பார்த்தது அதுதான். ஊர் முழுக்க ஒரு தடவை நின்று அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

கூட்டத்தில் நிற்க ஊராரையே அமர்த்தியிருந்தார்கள். நானும் நின்றேன். குதிரைகளும் மாடுகளும் சொரெலுடையவை என்பதால் அவர் முன்வரிசையில் நின்றார். பெரியப்பா நடந்து வந்தார். சொரெல் தொப்பியைத் தொடவில்லை. அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களும் கையைக் கீழேயே வைத்துக்கொண்டார்கள். தெருக்கோடி வரை ஒரு தொப்பிகூடக் கழலவில்லை. சவ அடக்கத்தில் விரோதிக்குக்கூடத் தொப்பியைக் கழற்றுகிறவர்கள் நாங்கள்.

இயக்குநர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் எடுத்ததைக் கேமராத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, முன்பு எழுதியதைவிட இதுதான் உண்மையாக இருக்கிறது, இப்படியே வைத்துக்கொள்வோம் என்றார். இனி வசனம் தேவையில்லை, பேசாமல் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று பெரியப்பாவின் தோளைத் தட்டினார். மறுபடி நடக்கச் சொன்னார்கள். நடந்தார். இரண்டாவது தடவை ஊராருக்கு இன்னும் நன்றாகவே வந்தது.

வசனம் போனதைப் பெரியப்பா வீட்டில் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

படத்தைப் பள்ளி உள்ளரங்கில் போட்டுக் காட்டினார்கள். பெரியம்மா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் காட்சி வந்ததும் அவரவர் முகத்தைத் திரையில் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். பெரியம்மா கை தட்டாமல் பெரியப்பா பேசுவதற்காகக் காத்திருந்தாள். காட்சி மாறிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

வெளியே வண்டிகளுக்கு நடுவில் தீவனக் கடைக்காரர், "எப்படி ஷெரீஃப், நாங்க நடிச்சது?" என்று கேட்டார்.

"நீங்க எங்க நடிச்சீங்க" என்றார் பெரியப்பா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வழியாக வந்த சொரெல், பெண்கள் முன்னால் எப்போதும் செய்வதுபோல் பெரியம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"போட்டுக்குங்க டுவைட்" என்றாள் பெரியம்மா. "இங்க நடிக்க கேமரா இல்ல."

அவர் போட்டுக்கொண்டார். அவர் முகம் மாறியதாகத் தெரியவில்லை.

வண்டியில் நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தார்ச்சாலை முடிந்து மண்பாதைக்குத் திரும்பும்போது பெரியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வசனம் என்ன எலோய்? கோழிங்ககிட்ட சொல்லிட்டிருப்பியே."

பெரியப்பா பாதையைப் பார்த்தபடி ஓட்டினார்.

"மறந்துடுச்சு" என்றார்.