நிறுத்திய வரிசை

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். உட்கார்ந்து யோசிக்கத் தெரியாது. நடந்தால்தான் மூளை ஓடும். ஆய்வகத்து மெஷின் சொல்லும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டு கம்ப்யூட்டருக்குக் கொண்டு சேர்க்கும் மென்பொருள் இணைப்போடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறாள். இப்போது திடீரென்று, சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து அதில் கை வைக்கக் கூடாதாம். அதற்கான பரீட்சையில் தேறாவிட்டால் புகார் போன் எடுக்கும் நாற்காலிதான்.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா வழியாக யாரோ கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்தால் ரத்து. போன தடவை யோசனை வேகத்தில் எழுந்து நடந்துவிட்டாள், அதோடு சரி. இது கடைசி வாய்ப்பு.

"இன்னைக்காவது பசை போட்ட மாதிரி உக்காரு, தாயே," என்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்காரர் அவள் போனையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கால் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேள்விகளெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பாதிக்கு மேல் தாண்டியாயிற்று. அடுத்த கேள்வி: மென்பொருளைச் சோதிப்பதற்காக, முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒரு வரிசையை நிறுத்தினால், சோதனை முடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

திரும்பத் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் ஒரு கேள்வியா?

பதிலைத் தொட்டவளுக்குச் சட்டென்று உறைத்தது. காலையில் அலுவலகத்தில் சோதனைக்காக அவளும் ஒரு வரிசையை நிறுத்தினாளே, பரீட்சைக்காக வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைத் திறந்தாளா? ஐயையோ, நினைவே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் முடிவுகள் அத்தனையும் அதில்தான் போகும்.

முடித்துவிட்டே போகலாம் என்றது மனசு. அங்கே ஒரு உயிர், முடிவு வராமல் ஊசலாடிக்கொண்டிருந்தால்? அடுத்த கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு எழுத்தும் ஏறவில்லை. எழுந்துவிட்டாள்.

பரீட்சை ரத்து என்று திரையில் வந்ததை அவள் நின்று பார்க்கவில்லை. கூடத்துக்கு ஓடி, வீட்டுக்காரர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அலுவலகத்துச் சீனியரை அழைத்தாள்.

"சார், காலையில நிறுத்தின வரிசைய அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்!"

"ஆமாம்மா. நீங்க கிளம்பின கையோட பாத்துத் திறந்துட்டேன். பரீட்சை நேரத்துல உங்கள ஏன் பதற வைக்கணும்னுதான் சொல்லல."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல மனுஷன் சார் நீங்க," என்றாள். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"