வலிக்காத புண்

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு சின்ன மூலிகைக் களிம்பு கம்பெனியில் நான் ஃபார்முலேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பைமேனிச் சாறு, வேப்பெண்ணெய், தேன்மெழுகு. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். வெயில் ஏறினால் உருகி ட்யூபிலிருந்து வழியும். மெழுகைக் கூட்டினால் எவ்வளவு பிதுக்கினாலும் வராது. பேட்ச் பேட்சாகக் கொட்டி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வழியாகப் பக்குவத்துக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குக் கிடைத்த முதல் ரசிகர் ஏழுமலை. மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர். உள்ளங்காலில் கண்ணாடி குத்திய புண்ணுக்கு எங்கள் களிம்பைப் போட்டாராம். இதைப் போட்டால் வலியே தெரியாது என்று மருந்துக் கடையில் ஒரே புகழ்ச்சி. விஷயம் காதுக்கு வந்ததும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. விளம்பர வீடியோ எடுக்க ஏழுமலையைக் கம்பெனிக்கே வரவழைத்துவிட்டார்.

செல்போன் முன்னால் மனிதர் வெளுத்து வாங்கினார். எனக்குத்தான் உறுத்தியது. வலியைக் குறைக்க அந்தக் களிம்பில் நான் எதையுமே சேர்க்கவில்லை. போடுவதற்கு முன்னால் எப்படி வலித்தது என்று கேட்டேன்.

"அப்பவும் வலிக்கல மேடம். தரையில ரத்தத்தப் பாத்துட்டு வூட்லதான் சொன்னாங்க, கால்ல இன்னாமோ குத்திகினு கீதுன்னு."

உடனே செருப்பைக் கழற்றச் சொன்னேன். மேலே பளபளவென்று களிம்பு, ஓரமெல்லாம் கறுப்பு, சுண்டுவிரல் வரை வீக்கம். பஞ்சால் தொட்டேன். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை உண்டா என்றால், உண்டு, மாத்திரையை விட்டுப் பல மாதம் ஆச்சு என்கிறார், ஏதோ சிகரெட்டை விட்ட பெருமையில்.

சர்க்கரையில் கால் மரத்துப்போயிருக்கிறது, அதனால்தான் வலி தெரியவில்லை, இப்படியே விட்டால் காலே போய்விடும், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம். சீசன் நேரத்தில் சவாரியை விட்டுவிட்டுப் புகழ வந்தவனை இப்படியா பயமுறுத்துவது என்றார். முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏம்மா, நீ செஞ்ச மருந்த நீயே வேணாங்கிற. இன்னா பேஜாரு இது?"

"இந்தக் காலுக்கு வேணாம் சார். கார எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார். ஆனால் எடுத்தார். அதற்காகவே அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

வீடியோவை அழித்தோம். சர்க்கரை உள்ளவர்களும் புண்ணில் வலி தெரியாதவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று ட்யூபில் பெரிய எழுத்தில் அச்சடித்தோம். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். உங்கள் மருந்தை எந்தப் புண்ணுக்குப் போடக்கூடாது என்று தெரிந்துகொண்டு அப்புறம் விற்கப் போங்கள்.

சில மாதம் கழித்து ஏழுமலை லேசாக நொண்டியபடி வந்தார். களிம்பு வாங்க இல்லை. ஸ்டாண்டில் கூட வேன் ஓட்டும் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

"செருப்பக் கழட்டு மச்சான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவனுக்கும் வலிக்கலியாம் மேடம்."