ஆறு மணி நேர கேசட்

போன வாரம் என் மகன் கணினியில் ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தான். நம்மிடம் இருக்கிற வீடியோக்களை அதற்குள் கொட்டிவிட்டால், டிவி சேனல் மாதிரி அதுவே வரிசை போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும். நடுநடுவே விளம்பரம்கூட வைக்கலாம். பாதியில் வந்து உட்கார்ந்தால் பாதியிலிருந்துதான் பார்க்க வேண்டும். என் கல்யாணம், அவனுக்கு மொட்டை போட்டது, ஏலகிரி போனது என்று எல்லாவற்றையும் பொறுமையாக அடுக்கினேன்.

"நிறுத்தவும் முடியாது, தள்ளி ஓட்டவும் முடியாது. இது எதுக்கும்மா உனக்கு?" என்றான்.

இன்னொரு வீடியோவை உள்ளே தள்ளினேன். அதற்குள் மடிக்கணினி சூடேறி, காய்ந்த பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். என் இருபது வயதுகளில் அதைத்தான் சுவாசித்தேன்.

தொண்ணூறுகளில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை. அண்ணன் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தான். வெளியூர் சேனல்கள் டிஷ்ஷில் வந்துவிடும். உள்ளூர் சேனல் என்று ஒன்று உண்டே, பகலெல்லாம் படமும் பாட்டும் போடுவது, அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். எப்போதும் சூடாகவே இருக்கிற மூன்று வீடியோ டெக். ஒன்றில் படம், ஒன்றில் விளம்பரம், மூன்றாவது கேசட்டைத் திருப்பிச் சுற்ற. அரை மணிக்கொரு தரம் படத்தை நிறுத்தி, ஜவுளிக்கடையையும் நகைக்கடையையும் காட்டிவிட்டு மறுபடி படத்துக்கு வர வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஊர் முழுக்க நீலத்திரை. உடனே போன் அடிக்கும். "இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்பார்கள், முகம் தெரியாதவர்கள்.

ஊரே என் கையில் இருக்கிறது என்று ஆரம்பத்தில் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. இரண்டாவது வருஷம்தான் புரிந்தது, நான்தான் ஊர் கையில் இருக்கிறேன் என்று. அரை மணிக்குள் போய்த் திரும்பக்கூடிய இடங்கள் மட்டும்தான் எனக்குத் திருவண்ணாமலை. மளிகைக்கடை, தபால்பெட்டி, அவ்வளவுதான். கூடப் படித்தவள் கல்யாணம் கீழ்பென்னாத்தூரில் நடந்தது, போகவில்லை. பௌர்ணமிக்கு லட்சம் பேர் எங்கள் தெருமுனையைக் கடந்து மலை சுற்றப் போவார்கள். நான் ஒருமுறைகூட பாதி வழியில் இருக்கிற அடி அண்ணாமலை வரை நடந்ததில்லை. தூசி டெக்குக்கு ஆகாது என்று ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். மலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்க்காமல் இருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணனைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு, கம்பத்திலும் மொட்டைமாடியிலும் ஏறி வயர் இழுத்து எங்களுக்குச் சோறு போட்டவன். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றதும் பாவமாகத்தான் முகத்தைப் பார்த்தான்.

"ஆள் கம்மி பாப்பா. நீயும் போயிட்டா யாரு பாக்குறது? அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

அதையேதான் போன வருஷமும் சொல்லியிருந்தான்.

டெக்கின் முன்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பதிவு செய்தால் டேப் பாதி வேகத்தில் ஓடும். மூன்று மணி நேர கேசட் ஆறு மணி நேரம் வரும். படம் கொஞ்சம் மங்கும் என்று யாரும் அதைத் தொடுவதில்லை. நான் தொட்டேன். ஒளிபரப்பாகிற படத்தை, பாட்டை, விளம்பரத்தை எல்லாம் மூன்றாவது டெக்கில் அப்படியே பதிந்துகொண்டேன். நான் உட்கார்ந்து மாற்றுவது போலவே, இடைவெளிகள் உட்பட.

பரீட்சையன்று அதை ஓடவிட்டுப் போகப் போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "டேப்பு சிக்கிக்கிச்சுன்னா?" என்றாள். சிக்கினால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் மேல போயி குந்திக்கிறேன். நீ போயி எழுதுடி."

பரீட்சை வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். கேசட்டைப் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். ஒவ்வொரு கேள்வியிலும் நீலத்திரை தெரிந்தது. எழுதி முடித்து பஸ் பிடித்து இறங்கி எங்கள் தெருவில் திரும்பினேன். நல்ல வெயில், எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. முதல் வீட்டில் கதாநாயகி அழ ஆரம்பித்தாள். டீக்கடை தாண்டும்போதும் அழுதாள். தையல்காரர் கடையில் கதாநாயகன் சமாதானம் சொன்னான். ஒரு வசனம் விடாமல் தெரு முழுக்க என் கேசட் ஓடியது. நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன், உள்ளேயும் இருந்தேன். நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன்.

மாடியில் அம்மா டெக்குக்கு நேராகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கண் இமைத்திருப்பாளா என்பது சந்தேகம். "உங்கண்ணன் போன் பண்ணான். பாப்பா குளிக்கிறான்னு சொன்னேன். அப்புறம் எவனோ பாட்டு கேட்டான். இன்னிக்கி கெடையாதுன்னு வச்சிட்டேன்."

சாயங்காலம் அண்ணன் வந்தான். "இன்னிக்கி ஒரு கம்ப்ளைண்ட்டும் வரல. நல்லா பாத்துக்கிட்டே பாப்பா" என்றான். சந்தோஷப்பட வேண்டிய வார்த்தைதான். அன்றிரவு படுக்கையில் அதையே நினைத்து அழுதேன். நான் இல்லாததை ஊரில் ஒருவருமே கவனிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த அறையில் நான் எதற்கு உட்கார்ந்திருந்தேன்?

வேலைக்கான உத்தரவு வந்த அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் டெக்கின் முன்னால் குனிந்து பார்த்தான்.

"ஆறு மணி நேரம் ஓடும்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னொரு சேனல் ஆரம்பிச்சிருப்பே அண்ணா."

அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் அந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று அவனே கேட்டுக் கற்றுக்கொண்டான்.

பிறகு சி.டி. வந்தது, பெரிய கம்பெனி வயர் வந்தது, வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வந்தது. உள்ளூர் சேனலை யாரும் தேடவில்லை. பூஞ்சை பிடித்த கேசட்டுகளை அண்ணன் எடைக்குப் போட்டான். அறையைப் பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். ஜன்னலைத் திறந்து வைத்து, மலை தெரியும் என்று சொல்லித்தான் விடுகிறான்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அதே தெருவில் நடந்தேன். பாதி வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. மீதி வீடுகளில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம், காதில் வயர். ஒரு வாசலில் யாரோ வசனம் பேச ஆரம்பிப்பது கேட்டது. அதன் முடிவைக் கேட்க அடுத்த வாசலில் கொஞ்சம் நின்றேன். அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.