ஸ்டெல்லா அக்காவின் மூன்றாவது கம்பி

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார்.

காமயகவுண்டன்பட்டி ஸ்டெல்லா அக்கா... இன்னிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பாரே, அவர்தான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது போன் வந்தது. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே...

கம்பத்தில் மைக், கீபோர்டு, கிடார் கம்பி விற்கிறவன் நான். பஸ் ஸ்டாண்ட் ஓரம் இயர்போன் விற்று ஆரம்பித்து ஒரு கடைக்கு வந்தவன். கஸ்டமர் இறந்தால் பதிவு போடுகிற ஆளில்லை. இவருக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

பகலில் திராட்சைத் தோட்டம், சாயங்காலம் கிடார். கொடியைக் கவாத்து வெட்டும் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கையால் என் மேஜையைத் தட்டித் தட்டித்தான் விலை பேசுவார்.

"ஏன் பாய், மதுரையில இதே கம்பி இன்னும் கம்மியாம்ல?"

"அப்ப மதுரைக்கே போங்கக்கா."

"போறேன். பஸ் சார்ஜ் நீங்க தருவீகளா?"

ஒரு சமயம் அவருடைய மூன்றாவது கம்பி மட்டும் சுதியில் நிற்கவில்லை. ஆரம்பிக்கும்போது சரியாக இருக்கும். வாசிப்பில் கம்பியை விரலால் ஒரு இழுப்பு இழுத்து விட்டால் சுதி இறங்கிப்போகும்.

குழுவில் எல்லோரும் குளிர் மேல் பழி போட்டார்கள். நம் பக்கத்துக் குழுக்கள் ஜீப் பிடித்து மலையேறி எஸ்டேட் சர்ச் திருவிழாக்களுக்கு வாசிக்கப் போவது வழக்கம். மேலே போய்விட்டால் எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம். தொண்டை கட்டினாலும் குளிர், டோலக் இறங்கினாலும் குளிர். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் சின்னமனூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. சித்திரை மாசம், மேடையில் வேர்த்து ஊற்றுகிறது... அங்கேயும் அதே கம்பி இறங்கியது.

குழுவை நடத்தும் பாண்டி அண்ணன் நேராகச் சொல்லிவிட்டார். "யக்கா, கோவிச்சுக்காதீக. கீபோர்டுலயே கிடார் டோன் இருக்கு. நாளைக்குக் கல்யாணக் கச்சேரியிலயும் இப்படி ஆச்சுன்னா, இனிமே கிடாரு வேணாம்."

மறுநாள் மதியம் கடைக்கு வந்தார். கிடாரை மேஜை மேல் வைத்தார்.

"பாய், கீ செட்ட மாத்தி விடுங்க. வெலையெல்லாம் கேக்கல."

விலை கேட்காத ஸ்டெல்லா அக்காவை அன்றுதான் பார்த்தேன். பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது.

கம்பியை முறுக்குகிற கீ மொத்தத்தையும் மாற்றினால் எனக்கு நல்ல லாபம். ஆனால் மாற்றியும் சரியாகவில்லை என்றால் கடை வாசலில் நின்று கம்பத்துக்கே கேட்கிற மாதிரி பேசுவார். அதனால், முதலில் பார்த்துவிடுவோம் என்றேன்.

இழுக்கச் சொன்னேன். இறங்கியது. கீக்கும் நட்டுக்கும் நடுவில் கம்பியை விரலால் அமுக்கி விட்டேன். 'டிக்'கென்று சின்னச் சத்தம்... சுதி தானாக மேலே வந்தது.

கிடார் கழுத்தின் தலைமாட்டில் ஆறு காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்டிய வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும், கம்பிகள் அதில்தான் உட்காரும். அதைத்தான் நட் என்கிறோம். கம்பி அந்தக் காடிக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் வருகிறது, திரும்பிப் போகமாட்டேன் என்கிறது.

"கம்பி எதுவும் மாத்துனீகளாக்கா?"

"மெல்லிசு மேடையிலயே அந்துக்கிட்டு இருந்துச்சு. தடிசு போட்டேன். காடியில எறங்கல, அமுக்கி உக்கார வச்சேன்."

"அமுக்குனீகளா? உக்காருமான்னு கேட்டு வாங்கவேண்டியதுதான?"

"வித்த ஆளு சொல்லவேண்டியதுதான?"



மெல்லிய கம்பிக்கே திரும்பச் சொன்னால் கேட்கவில்லை. வேறு நட் கடையில் இல்லை. காடியைத் தேய்த்து அகலமாக்கலாம். ஆனால் அடியில் கொஞ்சம் கூடுதலாக ஆழம் போனாலும் கம்பி கீழே உரசி இரையும். பிறகு அன்றைக்குக் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லை என்றால் அக்காவுக்குக் குழுவும் இல்லை.

எனக்குக் கை வரவில்லை.

"இங்கன கொண்டாங்க பாய்." பழைய மெல்லிய கம்பி ஒன்றில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி அவரே உட்கார்ந்துவிட்டார்.

"அடியில படாமக்கா... பக்கத்துல மட்டும்..."

"கவாத்து வெட்டுற கை இது. வெட்டுனத ஒட்டவைக்க முடியாதுன்னு எனக்கா சொல்றீக? சும்மா இருங்க."

கொஞ்சம் தேய்ப்பார், ஊதுவார், கம்பியைப் போட்டுப் பார்ப்பார். மறுபடி எடுத்துத் தேய்ப்பார். அந்தப் பக்கம் ஒருவர் ஸ்பீக்கர் விலை கேட்டுக்கொண்டே நின்றார். நான் திரும்பவே இல்லை. வியாபாரத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

கடைசியில், கம்பி வழுக்கிப் போகட்டும் என்று காடிக்குள் பென்சில் முனையைத் தேய்த்துக் கம்பியைப் போட்டார். முறுக்கினார். நன்றாக ஒரு இழுப்பு இழுத்து விட்டார்.

நின்றது.

மறுபடி இழுத்தார். நின்றது.

"உப்புத்தாளு கெடந்ததுதான பாய்... அதுக்கு ஒண்ணும் கிடையாதுல்ல?" என்றார். அக்கா பழைய அக்காவாகிவிட்டார்.

அன்று சாயங்காலம் கல்யாண மண்டபத்துக்கு நானும் போனேன். அழைப்பு கிடையாது, போனேன். பாட்டின் நடுவில் அந்த மூன்றாவது கம்பியை நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள்... இழுத்துவிட்டு ஜனங்களைப் பார்க்கவில்லை. பாண்டி அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் மிக்சர் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். அதன் பிறகு கிடார் வேண்டாம் என்ற பேச்சு வரவே இல்லை.

சற்று முன் பாண்டி அண்ணன் போன் செய்தார். அழுதார். ஒப்புக்கொண்ட கச்சேரி ஒன்று இருக்கிறதாம், நிறுத்த முடியாதாம்.

"பாய், கிடாருக்கு யாராச்சும் இருக்காகளா?"

"கீபோர்டுல டோன் இருக்குல்லண்ணே?"

"அது ஆகாது பாய்" என்றார். வைத்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் கடை இருக்காது. காமயகவுண்டன்பட்டிக்குக் கிளம்புகிறேன்.

அக்கா, நீங்கள் சொல்லி வைத்த தடித்த கம்பி செட் வந்துவிட்டது... போய் வாருங்கள்.