நிறுவனரைவிட உயரமான அருவி

“தொன்மையான கலைப்பொருட்களைச் சிதைத்து வெளிச்சந்தையில் விற்கும் கும்பலைச் சேர்ந்தவர்” என்று புகார் மனு சேக் இஸ்மாயிலை வர்ணிக்கிறது. அந்தக் கும்பலில் அவரையும் அவருடைய சுத்தியலையும் தவிர வேறு யாருமில்லை. கோரிப்பாளையத்தில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் சாலையில்தான் நிற்க வேண்டும்.

மனு கொடுத்தவர் ஒரு மிஷன் பள்ளியின் தாளாளர் இன்பசேகரன். வரலாற்றில் எம்.ஏ. பள்ளி மாடிப்படியில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று தொங்கியது: பாறையிலிருந்து விழும் அருவி, அடியில் குளிக்கும் ஒருவன், அவன் காலருகே ஓவியரின் கையெழுத்து. எந்த நாட்டு அருவியோ. மதுரையில் பார்த்தவர்கள் எல்லாரும் குற்றாலம் என்றார்கள், சீசனுக்குச் சீசன் அங்கே போய்க் குளித்தவர்கள் உட்பட.

ஆண்டு விழாவுக்கு அதை அரங்கில் மாட்ட நினைத்தார்கள். அரங்கில் ஒரு விதி உண்டு. நிறுவனர் படத்தைவிடப் பெரிய படம் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது. அருவியோ நிறுவனரைவிட எட்டு அங்குலம் உயரம்.

“எட்டு இன்ச் கொறையணும் பாய். எப்படியாச்சும் செய்யுங்க” என்றார் தாளாளர்.

இஸ்மாயில் செய்தார். விழாவுக்கு வந்த விருந்தினர் ஒருவர், கைபேசியில் ஓவியத்தின் பழைய புகைப்படத்தைக் காட்டி, குளிப்பவன் எங்கே, கையெழுத்து எங்கே என்று கேட்டார். தாளாளர் அதிர்ச்சியடைந்தார். மறுநாள் மனு.

எஸ்.ஐ. பாண்டிச்செல்வி இஸ்மாயிலையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கே விசாரிக்க வந்தார். கைதாக வேண்டியிருக்கும் என்று இஸ்மாயிலிடம் வழியிலேயே சொல்லிவிட்டார்.

“கையெழுத்த யாருகிட்ட வித்தீரு?” என்றார் தாளாளர்.

“குளிக்கிற ஆள விட்டுட்டீங்களே சார். அவனையும்ல கடத்திருக்கேன்.”

“திமிரப் பாத்தீங்களா மேடம்?”

“எதுக்குச் சின்னதாக்கச் சொன்னீங்கன்னு மொதல்ல மேடத்துக்கிட்ட சொல்லுங்க. பொறவு நான் சொல்றேன்.”

தாளாளர் விதியைச் சொன்னார். எஸ்.ஐ. எழுதிக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். புரியாமல் அல்ல.

இருபது வருடங்களுக்கு முன் பரவை ஊர்க்காரர் ஒருவரின் கல்யாண குரூப் போட்டோவை, பிரேமுக்கு அடங்க இஸ்மாயில் ஓரம் வெட்டியதில் தாய்மாமன் போய்விட்டார். போன தாய்மாமன் நேரில் வந்து, பகல் முழுக்கக் கடை வாசலில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடமெல்லாம் நியாயம் கேட்டார். அதற்குப் பிறகு இஸ்மாயில் எந்தப் படத்திலும் கத்தி வைத்ததில்லை.

இப்போது அருவியைக் குப்புறப் போட்டு, பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குளிப்பவன் இருந்தான். கையெழுத்தும் இருந்தது.

சேக் இஸ்மாயில் செய்தது இதுதான்: ஓவியத்தின் அடிப்பகுதி எட்டு அங்குலத்தை வெட்டாமல் பின்னால் மடித்து ஆணி அடித்தார், மடித்த இடத்தில் இருநூறு வருடம் தாண்டிய பெயிண்டை ஒரு விரல் அகலத்துக்கு உதிர்த்தார்.